யூடியூபிலும் வலைப்பூவிலும் விவசாயிக்குக் காசு வருமா? சேதராப்பட்டு விவசாயிகளுக்கு ஒரு கணக்கு

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. புதுச்சேரியில் ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. அடுத்த சில நாட்களில் இரண்டு அரசுகள் நிவாரணம் அறிவித்தன. புதுச்சேரி அரசு ரேஷன் கார்டுக்கு 5,000 ரூபாயும், பயிர்ச் சேதத்துக்கு ஹெக்டேருக்கு 30,000 ரூபாயும் என்றது. தமிழ்நாடு அரசு விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி மாவட்டங்களில் ரேஷன் கார்டுக்கு 2,000 ரூபாயும், நெல் உள்ளிட்ட பாசனப் பயிர்களுக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாயும் என்றது.

சேதராப்பட்டில் நிலம் வைத்திருப்பவருக்கு இது வெறும் செய்தி இல்லை. சில இடங்களில் நம் வரப்புக்கு இந்தப் பக்கம் புதுச்சேரி, அந்தப் பக்கம் வானூர் வட்டம். மழை ஒன்றுதான், நிவாரணம் வேறு. மனு கொடுக்கும் அலுவலகமும் வேறு. நமக்கு உழவர் உதவியகம், அவர்களுக்கு வேளாண் விரிவாக்க மையம்.

அந்த வாரம் நீங்கள் கைபேசியில் ‘பயிர் நிவாரணம் எவ்வளவு’ என்று தேடியிருந்தால் என்ன வந்திருக்கும்? தமிழில் விவசாயம் பேசும் வலைத்தளங்களும் யூடியூப் சேனல்களும் பெரும்பாலும் தமிழ்நாட்டுக் கணக்கைத்தான் பேசுகின்றன. நெல் கொள்முதல், மானியம், பயிர்க் காப்பீடு என்று எதைத் தேடினாலும் இதே கதைதான். புதுச்சேரி விவசாயி படித்துவிட்டு அலுவலகம் போனால், ‘அது தமிழ்நாட்டுக்காரங்களுக்குங்க’ என்று திருப்பி அனுப்புவார்கள்.

வலைப்பூவோ சேனலோ தொடங்கலாமா, அதில் வருமானம் வருமா என்று யோசிக்கும் விவசாயிகள் முதலில் பார்க்க வேண்டியது இந்த இடைவெளியைத்தான். ‘மாதம் லட்சம் சம்பாதிக்கலாம்’ என்று சொல்லி வகுப்பு நடத்துபவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள். அவர்கள் சொல்வது விளம்பரக் காசைப் பற்றி. அந்தக் காசு விவசாயிக்கு ஏன் கட்டுப்படியாகாது, எது கட்டுப்படியாகும் என்று பார்ப்போம்.

விளம்பரக் காசு தமிழுக்கு வந்த கதை

தமிழில் வலைப்பூ எழுதுவது 2003-ல் சூடு பிடித்தது. 2004-ல் தமிழ்மணம் என்ற திரட்டி வந்தது. யார் புதிதாக எழுதினாலும் அங்கே தெரியும். இயற்கை விவசாயம், மரம் வளர்ப்பு, மாடித்தோட்டம் பற்றி அருமையாக எழுதியவர்கள் அப்போதே இருந்தார்கள். ஆனால் அவர்களுக்கு ஒரு பைசா வருவது கடினம். கூகுளின் விளம்பரத் திட்டமான ஆட்சென்ஸ் 2003-லேயே தொடங்கிவிட்டாலும், தமிழை அது அதிகாரபூர்வமாக ஏற்றுக்கொண்டது 2018 பிப்ரவரியில்தான். 15 வருடம் தாமதம்.

அதற்குள் என்ன நடந்தது? 2016 செப்டம்பரில் ஜியோ வந்தது, டேட்டா விலை விழுந்தது. படித்துக்கொண்டிருந்தவர்கள் பார்ப்பவர்களாக மாறிவிட்டார்கள். தமிழ் வலைப்பூவுக்கு விளம்பரம் கிடைக்க ஆரம்பித்தபோது வாசகர்கள் யூடியூபுக்குப் போய்விட்டார்கள். கமிட்டிக்கு மூட்டையைக் கொண்டுபோய் இறக்கும்போது வியாபாரி கிளம்பிப் போன மாதிரி.

அடுத்த அடி 2024-ல். கூகுளில் கேள்வி கேட்டால் மேலேயே செயற்கை நுண்ணறிவு ஒரு பதிலை எழுதிக் காட்டுகிறது அல்லவா, அது 2024 ஆகஸ்டில் இந்தியாவுக்கு வந்தது. தமிழிலும் கொண்டுவருவதாக அதே வருடம் அக்டோபரில் கூகுள் அறிவித்தது. பதில் மேலேயே கிடைத்துவிட்டால் கீழே இருக்கும் வலைத்தளத்தைத் திறப்பவர் குறைவு. அமெரிக்காவில் பியூ ஆய்வு மையம் 2025-ல் இதை எண்ணிப் பார்த்தது. இந்தப் பதில் இல்லாத தேடல்களில் நூற்றுக்கு 15 முறை ஏதாவது ஒரு தளத்தைத் திறந்தார்கள். பதில் இருந்தபோது அது 8 ஆகக் குறைந்தது. நம் ஊர்க் கணக்கு வேறாக இருக்கலாம், போகும் திசை இதுதான்.

‘நெல்லுக்கு மேலுரம் எப்போது’, ‘மணிலாவுக்கு ஜிப்சம் எவ்வளவு’ என்று பொதுவாக எழுதிக் காசு பார்க்கும் காலம் முடிந்துவிட்டது என்றே நான் நினைக்கிறேன். அதைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வலைத்தளம் தமிழிலேயே இலவசமாகத் தருகிறது. இப்போது அதையும் கூகுள் சுருக்கிச் சொல்லிவிடுகிறது. நீங்கள் மூன்றாவது ஆளாக அதையே எழுத எந்தக் காரணமும் இல்லை.

வீடியோவில் எவ்வளவு வரும்?

யூடியூபில் விளம்பர வருமானம் வர உங்கள் சேனலுக்கு 1,000 சந்தாதாரர்கள் வேண்டும். அதோடு கடந்த 12 மாதத்தில் 4,000 மணி நேரம் பார்த்திருக்க வேண்டும், அல்லது குறுவீடியோக்களை 90 நாளில் 1 கோடி முறை பார்த்திருக்க வேண்டும். இதைத் தாண்டினால், நீண்ட வீடியோவில் வரும் விளம்பரத் தொகையில் 55 சதவீதம் உங்களுக்கு. குறுவீடியோவில் 45 சதவீதம்தான், அதுவும் பொதுத் தொகுப்பில் உங்கள் பங்குக்கு ஏற்ப.

ரூபாயில் எவ்வளவு என்பது தலைப்பு, மாதம், பார்ப்பவர் எந்த நாட்டில் இருக்கிறார் என்பதைப் பொறுத்து மாறும். கணக்குக்காக ஆயிரம் பார்வைக்கு உங்கள் கைக்கு 30 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு லட்சம் பார்வைக்கு 3,000 ரூபாய். கூகுள் 100 டாலர் சேர்ந்தால்தான் பணம் அனுப்பும். இந்தக் கணக்கில் அதற்கே கிட்டத்தட்ட 3 லட்சம் பார்வை வேண்டும். சேதராப்பட்டு, கரசூர், தொண்டமாநத்தம், துத்திப்பட்டு எல்லாம் சேர்ந்தாலும் அத்தனை பேர் இல்லை.

இப்போது அதே 3,000 ரூபாயை மணிலாவில் தேடுவோம். (மல்லாட்டை என்று சொன்னாலும் சரி.) 2025-26-க்கு மத்திய அரசு அறிவித்த ஆதரவு விலை குவிண்டாலுக்கு 7,263 ரூபாய். கமிட்டியில் அது கிடைக்குமா என்பது வேறு விஷயம், கிடைக்கிறது என்றே வைப்போம். 100 கிலோ காய் உடைத்தால் 70 கிலோ பருப்பு. மரச்செக்கில் ஆட்டினால் சுமார் 28 கிலோ எண்ணெய், அதாவது 30 லிட்டர். புண்ணாக்கு 40 கிலோ. லிட்டர் 280 ரூபாய்க்கும் புண்ணாக்கு கிலோ 40 ரூபாய்க்கும் போனால் 8,400-உம் 1,600-உம் சேர்ந்து 10,000. உடைப்புக் கூலி, ஆட்டுக் கூலி, பாட்டில் எல்லாம் 1,200 போனால் 8,800. ஆதரவு விலையை விட சுமார் 1,500 ரூபாய் கூடுதல். உங்கள் ஊர் விலையைப் போட்டு நீங்களே திருத்திக்கொள்ளுங்கள்.

அப்படியென்றால் 3,000 ரூபாய்க்கு 2 குவிண்டால் காய், 60 லிட்டர் எண்ணெய். மாதம் 2 லிட்டர் வாங்கும் 30 குடும்பம் போதும். விளம்பரத்தில் ஒரு லட்சம் பார்வை தருவதை 30 குடும்பம் தந்துவிடுகிறது. அந்த 30 குடும்பம் அடுத்த மாதமும் எண்ணெய் வாங்கும். வைரலான வீடியோவை அடுத்த மாதம் யாரும் தேட மாட்டார்கள்.

வலைப்பூ, சேனல் எல்லாம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது அந்த 30 குடும்பத்தைக் கண்டுபிடிக்கும் வேலைக்கு வேண்டும். விளம்பரக் காசு வந்தால் டீசல் செலவுக்கு ஆகும்.

விதிவிலக்கும் பக்கத்து உதாரணமும்

‘புதுக்கோட்டைக்காரங்க சம்பாதிக்கலையா?’ என்று உடனே கேட்பீர்கள். சின்னவீரமங்கலத்தில் பெரியதம்பி தாத்தாவும் பேரன்களும் 2018-ல் தொடங்கிய வில்லேஜ் குக்கிங் சேனல் 2021 ஜூலையில் ஒரு கோடி சந்தாதாரரைத் தொட்டது. தமிழில் அந்த எண்ணிக்கையை முதலில் எட்டிய சேனல் அதுதான். விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள் செய்த பெரிய காரியம், சந்தேகமே இல்லை. ஆனால் அவர்கள் விவசாயத் தகவல் விற்கவில்லை. வயல்வெளியில் சமைத்துக் காட்டினார்கள். அதைப் பார்க்கத் தமிழ் தெரிய வேண்டியதில்லை, உலகமே பார்க்கும். உங்கள் வயலில் தண்டுத் துளைப்பான் வந்த கதையைப் பிரேசில்காரர் பார்க்க மாட்டார். அந்த உதாரணத்தை வைத்து இந்தத் தொழிலில் இறங்குவது, லாட்டரியில் விழுந்தவரைப் பார்த்து நிலத்தை விற்றுச் சீட்டு வாங்குவது போல.

நமக்குப் பொருந்தும் உதாரணம் கூப்பிடு தூரத்தில் ஆரோவில்லில் இருக்கிறது. இங்கிலாந்தில் பிறந்த கிருஷ்ணா மெக்கன்சி 1996-ல் அங்கே சாலிட்யூட் பண்ணையைத் தொடங்கினார். நிலம் 6 ஏக்கர்தான். ஃபுகுவோகா வழி இயற்கை விவசாயம். நல்ல தமிழில் கீரை, கிழங்கு, வாழை, உள்ளூர் உணவு பற்றி அவர் பேசும் வீடியோக்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

வெள்ளைக்காரர் தமிழ் பேசுவதால் பார்க்கிறார்கள் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். அதுவும் ஒரு காரணம்தான். ஆனால் பண்ணையைக் கொஞ்சம் கவனியுங்கள். அங்கேயே உணவகம் இருக்கிறது, பண்ணையில் விளைவது தட்டில் வருகிறது. வாரக் கூடையாகக் காய்கறி கொடுத்திருக்கிறார்கள். பயிற்சி வகுப்பு நடத்துகிறார்கள். வீடியோவில் முகம் பார்த்தவர் நேரில் வந்து சாப்பிட்டுவிட்டு, கற்றுக்கொண்டு போகிறார். தோட்டத்தில் சீண்டுவாரில்லாமல் முளைத்த கீரைக்கும் அங்கே விலை கிடைக்கிறது. விளம்பரத்தை மட்டும் நம்பியிருந்தால் 6 ஏக்கர் பண்ணைக்கு அது எந்த மூலைக்கு?

நம் பக்கம் இன்னொரு பெயரும் உண்டு. கூடப்பாக்கம் வெங்கடபதி ரெட்டியார். கனகாம்பரத்தில் புதுப்புது ரகங்களை உருவாக்கியதற்காக 2012-ல் பத்மஸ்ரீ பெற்றவர். கல்பாக்கம் அணு ஆராய்ச்சி மையத்தின் உதவியோடு கதிர்வீச்சு முறையில் ரகம் எடுத்தவர். வலைப்பூவும் சேனலும் இல்லாத காலத்திலேயே அவர் பெயருக்குக் கன்று விற்றது. பெயர் வேலை செய்தது, ஏனென்றால் பெயருக்குப் பின்னால் செடி இருந்தது. இன்று அதே வேலையைக் கைபேசி இன்னும் வேகமாகச் செய்யும். பின்னால் செடி இல்லாவிட்டால் கெட்ட பெயரும் அதே வேகத்தில் பரவும்.

வில்லியனூர் 1998-ல் காட்டிய வழி

புதுச்சேரிக் கிராமங்களுக்கு இணையத் தகவல் ஒன்றும் புதிதில்லை. 1998-லேயே எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வில்லியனூரை மையமாக வைத்து கிராமத் தகவல் மையங்களைத் தொடங்கியது. கனடா அரசு சார்ந்த ஐ.டி.ஆர்.சி. அமைப்பு பணம் கொடுத்தது. ஏம்பலத்தில் கோயில் கட்டடத்திலேயே மையம் நடந்தது. கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து வைப்பதற்கு முன், ‘உங்களுக்கு என்ன தகவல் வேண்டும்?’ என்று மக்களிடம் கேட்டார்கள். இன்றைக்கும் பலர் செய்யாத வேலை இது.

வீராம்பட்டினம் மீனவர்கள் அலை உயரம் வேண்டும் என்றார்கள். அமெரிக்கக் கடற்படையின் வலைத்தளத்தில் அந்தத் தகவல் கிடைத்தது. அதை எடுத்துத் தமிழில் ஒலிபெருக்கியில் சொன்னார்கள். எங்கோ இருந்த தகவல், இந்தக் கரையில் இன்று படகு இறக்கலாமா என்ற ஒரே கேள்விக்குப் பதிலாக மாறியது. 2004 டிசம்பர் 26 சுனாமி அன்று நல்லவாடுக்கு சிங்கப்பூரில் இருந்த ஊர்க்காரர் ஒருவர் போனில் எச்சரித்தார். தகவல் மையத்தின் ஒலிபெருக்கியில் அறிவித்து ஊரையே வெளியேற்றினார்கள்.

அது தொழில் இல்லை, உதவிப் பணத்தில் நடந்த திட்டம். வியாபாரத்துக்கு அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் எந்தத் தகவலுக்கு ஆள் காத்திருக்கிறார்கள் என்பதை அது 25 வருடத்துக்கு முன்பே காட்டிவிட்டது. பொதுத் தகவலை ஊர்த் தகவலாக மாற்றியவருக்கு மட்டுமே மதிப்பு இருந்தது.

இதைச் சேதராப்பட்டுக்குக் கொண்டுவாருங்கள். உழவர் உதவியகத்தில் இந்த வாரம் என்ன விதை இருப்பு இருக்கிறது, மானியத்துக்கு எந்தத் தேதிக்குள் மனு கொடுக்க வேண்டும், குரும்பாப்பட்டு வேளாண் அறிவியல் நிலையத்தில் அடுத்த பயிற்சி எப்போது, தட்டாஞ்சாவடி கமிட்டியில் மணிலா என்ன விலைக்குப் போனது, அறுவடை இயந்திரம் மணிக்கு எவ்வளவு கேட்கிறார்கள். இதை எந்தச் செயற்கை நுண்ணறிவும் எழுதாது. அதற்குத் தெரியாது. தெரிய வேண்டுமென்றால் யாராவது முதலில் போய்க் கேட்டு எழுத வேண்டும்.

புதுச்சேரி, தமிழ்நாடு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதினால் இன்னும் நல்லது. வானூர்க்காரருக்கும் அது உதவும். இருபுறமும் நிலம் வைத்திருப்பவர்கள் நம்மில் நிறையப் பேர்.

வாங்குபவர் யார்?

இந்த ஊருக்கு ஒரு வசதி இருக்கிறது. தொழிற்பேட்டைக்கு தினமும் வேலைக்கு வருபவர்கள், புதுச்சேரி நகரம், ஆரோவில், கிழக்குக் கடற்கரைச் சாலை விடுதிகள், எல்லாம் வண்டியில் போகும் தூரத்தில். சிறப்புப் பொருளாதார மண்டலம் என்று சொல்லி 2000-களில் சேதராப்பட்டு, கரசூர் பக்கம் நூற்றுக்கணக்கான ஏக்கர் எடுத்தார்கள். மண்டலம் வரவில்லை, நிலம் வருடக்கணக்கில் சும்மா கிடந்தது. அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் இருக்கிற தொழிற்சாலைகளின் கேட்டில் மாலை 5 மணிக்கு வெளியே வருபவர்கள் எல்லோரும் வீட்டுக்குக் காய்கறியும் எண்ணெயும் வாங்குபவர்கள்தான். அவர்கள் கையில் கைபேசி இருக்கிறது. கொச்சியிலிருந்தோ கோவையிலிருந்தோ வாடிக்கையாளரைத் தேட வேண்டியதில்லை.

கூகுள் மேப்பில் உங்கள் பண்ணையை இலவசமாகப் பதிவு செய்யலாம். ‘மரச்செக்கு எண்ணெய்’ என்று புதுச்சேரியில் ஒருவர் தேடும்போது அதுதான் முதலில் கண்ணில் படும். வாட்ஸ்அப் பிசினஸ் செயலியும் இலவசம். அதில் பொருள், விலை, படம் வைக்கலாம். ஒலிபரப்புப் பட்டியல் போட்டால் ஒரே செய்தியை 256 பேர் வரை அனுப்பலாம், குழுவில் வீண் அரட்டை இருக்காது. ஆனால் உங்கள் எண்ணை அவர்கள் தங்கள் போனில் சேமித்திருந்தால்தான் செய்தி போய்ச் சேரும். பாட்டில் கொடுக்கும்போதே ‘நம்பரை சேவ் பண்ணிக்குங்க’ என்று கேட்டு வாங்கிவிடுங்கள்.

இந்தப் பட்டியல்தான் உங்கள் சொத்து. நாளைக்கு யூடியூப் விதி மாறினாலும், உங்கள் சேனலை முடக்கினாலும், இந்த 256 பேர் உங்களிடம் இருப்பார்கள். ஒரு நோட்டிலும் எழுதி வையுங்கள், போன் தொலையும்.

யூடியூப் விதி மாறுவது கற்பனை இல்லை. 2025 ஜூலை 15 முதல், ஒரே மாதிரி அச்சடித்ததுபோல் தயாரிக்கும் வீடியோக்களுக்கு விளம்பர வருமானம் கிடையாது என்ற விதியை இன்னும் தெளிவாக்கியிருக்கிறார்கள். செய்தித்தாளில் வந்ததை இயந்திரக் குரலில் படிக்க வைத்து, இணையத்தில் எடுத்த படத்தை ஒட்டி தினம் பத்து வீடியோ போடுபவர்களுக்கு இது சிக்கல். வயலில் நின்று உங்கள் குரலில் பேசுபவருக்குப் பிரச்சினை இல்லை. காற்றுச் சத்தம் வந்தாலும் பரவாயில்லை.

எழுத்தா, வீடியோவா? இரண்டும் வேண்டும், வேறு வேறு வேலைக்கு. நாற்று நடுவதை, கவாத்து செய்வதை வீடியோவில் காட்டுங்கள். விலைப்பட்டியல், மனுவுக்கு வேண்டிய ஆவணம், தேதி எல்லாம் எழுத்தில் இருந்தால்தான் திரும்பத் தேடி எடுக்க முடியும். கூகுளின் பிளாக்கரில் இலவசமாகவே வலைப்பூ தொடங்கலாம். சொந்த முகவரி வேண்டுமென்றால் வருடத்துக்கு ஆயிரம் ரூபாய் சுமாருக்குக் கிடைக்கும். இதற்கு 30,000 ரூபாய் கேட்பவரிடம் கொடுக்காதீர்கள். கல்லூரிக்குப் போகும் பிள்ளை ஒரு ஞாயிற்றுக்கிழமையில் செய்துவிடும்.

மருந்துக் கடை வீடியோக்களும் வரியும்

ஆயிரம் பேர் பார்க்க ஆரம்பித்ததும் உர, மருந்து நிறுவனங்களின் ஆட்கள் வருவார்கள். ‘இதை அடித்துப் பார்த்து நல்லா இருக்குன்னு சொல்லுங்க’ என்பார்கள். பணமோ, இலவசத் தெளிப்பானோ கிடைக்கும். வாங்கினால் அதை வீடியோவிலேயே வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு முதல் முறை 10 லட்சம், மறுபடி செய்தால் 50 லட்சம் ரூபாய் வரை அபராதம் போட சட்டத்தில் இடமுண்டு.

அபராதத்தை விட எனக்குப் பெரிதாகத் தெரிவது வேறு. சென்னையில் இருந்து பேசும் சேனல்காரரின் பேச்சைக் கேட்டு ஒருவர் பயிர் கருகினால் அவர் கமென்ட் போடுவார். உங்கள் பேச்சைக் கேட்டு கருகினால் நாளைக் காலை டீக்கடையில் எதிரில் உட்கார்ந்திருப்பார். பூச்சிமருந்தின் அளவை லேபிளில் உள்ளபடி அல்லாமல் வேறு எப்படியும் சொல்லாதீர்கள். நோய் எதுவென்று உறுதியாகத் தெரியாவிட்டால் குரும்பாப்பட்டு விஞ்ஞானிகளிடம் இலையை எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள். அவர்கள் சொல்வதையே, அனுமதி கேட்டு, வீடியோ எடுக்கலாம். அதை விட நல்ல வீடியோ கிடைக்காது.

எண்ணெய், பொடி, ஊறுகாய் எதை விற்றாலும் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. பதிவு எடுத்து, பாட்டிலில் எண்ணும் தயாரித்த தேதியும் ஒட்டுங்கள். சிறு அளவில் விற்பவர்களுக்குப் பதிவுக் கட்டணம் மிகக் குறைவு. விதை விற்பதாக இருந்தால் கவனம். பயிர் ரகப் பாதுகாப்புச் சட்டம், 2001 விவசாயி தன் விதையை பிராண்ட் பெயர் போடாமல் விற்க, பரிமாற இடம் தருகிறது. சேனல் பெயரைப் பாக்கெட்டில் அச்சடித்து விற்றால் அது வேறு கணக்கு, உரிமம் கேட்பார்கள்.

வரியில் ஒரு தப்பெண்ணம் பரவலாக இருக்கிறது. விவசாய வருமானத்துக்கு வருமான வரி இல்லை, நான் விவசாயி, என் சேனல் விவசாயச் சேனல், அதனால் அதற்கும் வரி இல்லை என்று. அப்படி இல்லை. விளம்பரத்திலும், நிறுவனம் கொடுக்கும் பணத்திலும் வருவது விவசாய வருமானம் ஆகாது. மணிலாவை எண்ணெயாக ஆட்டி விற்கும்போதும் முழு லாபமும் விவசாய வருமானம் என்று சொல்ல முடியாது. தொகை சிறிதாக இருக்கும்வரை வரி கட்ட வேண்டி வராது, ஆனால் கணக்குத் தனியாக இருக்கட்டும். ஆட்சென்ஸ் கணக்கில் அமெரிக்க வரிப் படிவம் ஒன்று கேட்பார்கள், அதைத் தள்ளிப்போடாதீர்கள். கொடுத்தால் அமெரிக்காவில் இருந்து பார்ப்பவர்கள் மூலம் வரும் பங்கில் மட்டும் 15 சதவீதம் பிடிப்பார்கள். கொடுக்காவிட்டால் மொத்த வருமானத்திலிருந்தே 24 சதவீதம் வரை போகலாம்.

எப்போது தொடங்குவது?

மணிலா விதைக்கும்போதே தொடங்குங்கள், அறுவடைக்குப் பிறகு அல்ல. விதை போட்ட நாள், களை எடுத்த நாள், ஜிப்சம் இட்ட நாள், காட்டுப்பன்றி வந்த இரவு என்று நூறு, நூற்றைந்து நாளும் வாரம் இரண்டு முறை படமும் நான்கு வரியும் போட்டால் போதும். செக்கில் எண்ணெய் வழியும் நாள் வரும்போது, அந்தச் செடியை விதையிலிருந்து பார்த்தவர்கள் சிலர் உங்கள் பட்டியலில் இருப்பார்கள். கலப்படம் இருக்கிறதா என்று அவர்கள் கேட்க மாட்டார்கள். முதல் பட்டத்தில் 30 குடும்பம் கிடைக்காது. எட்டோ பத்தோ கிடைக்கலாம். மீதியைக் கமிட்டிக்கே கொண்டுபோங்கள், எல்லாவற்றையும் ஆட்டி வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டாம், எண்ணெய் காறிப்போகும். அடுத்த பட்டத்துக்கு எத்தனை மூட்டை ஆட்டலாம் என்பதைப் பட்டியலில் திரும்ப வாங்கியவர்கள் எத்தனை பேர் என்று எண்ணி முடிவு செய்யுங்கள். எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற எண் அதற்கு உதவாது.